சிவப்பு அழுத்தாதவள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டில் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், அலுவலகத்தில் சொல்ல மாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை மேலாளர் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டியதும், கையிலிருந்த டீ டம்ளரை நான் மேசையில் வைத்த வேகத்துக்குப் பாதி டீ அவருடைய காகிதங்களில் கொட்டியது. அவர் முகம் சுளிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். எங்கள் ஊர்க்காரர். ஆளை வேலையை விட்டு எடுக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் எடுப்பார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அடுத்த கட்டத்துக்கு எட்டுப் பேரு போதும்னு மேல சொல்லிப்போட்டாங்க. உங்க டீம்ல உங்களையும் சேத்து ஒம்போது பேரு. நம்பரு யார அடியில காட்டுதோ அவங்கள பெஞ்சுக்கு அனுப்பிப்போடலாமுங்க."

பெஞ்ச் என்றால் வேலை கொடுக்காமல் உட்கார வைப்பது. எங்கள் கம்பெனியில் பெஞ்சுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு மூன்றாம் மாதம் கடிதத்தோடு வீட்டுக்குப் போனார்கள். திரையில் கடைசி வரியில் இருந்தது அவள் பெயர். நான்கு வருடமாக எனக்கு இடது கைப்பக்கம் உட்காருகிறவள். கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். கணவர் விசைத்தறியில் வேலை. தறி ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள் அதிகம். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. இந்த வேலை போனால் அந்த வீட்டில் வேறு பிடிமானம் கிடையாது. பட்டியல் மேலே போக இரண்டு வாரம் இருந்தது. இரண்டாம் வாரம் முடிந்து வருகிற திங்கட்கிழமை மதியம் கெடு.

"எங்க டீம்ல வேலை தெரிஞ்ச ஆளே அவதானுங்க" என்றேன்.

"இருக்கலாமுங்க. ஆனா நம்பரு இப்படிச் சொல்லுதுங்களே."

அந்த நம்பர் எங்கள் மணிக்கட்டிலிருந்து வந்தது. ஆறு மாதத்துக்கு முன் டீம் முழுவதற்கும் ஒரு கைக்கருவி கொடுத்திருந்தார்கள். கடிகாரத்தைவிடக் கொஞ்சம் பெரியது, சின்னத் திரை, ஓரத்தில் ஒரு விளக்கு. ஆண்களும் பெண்களும் அதை வளையல் என்றே சொன்னோம். காலையில் வந்ததும் "வளையல் போட்டாச்சுங்களா?" என்று கேலி செய்துகொள்வோம். விளக்குப் பச்சையாக இருந்தால் பேச வரலாம். சிவப்பை அழுத்திவிட்டால் ஆழ்ந்து வேலை செய்கிறேன், வராதே என்று அர்த்தம். சிவப்பில் இருக்கிறவருக்குச் செய்தி அனுப்பினாலும் அது உடனே போய்ச் சேராது. பச்சையான பிறகுதான் மொத்தமாகக் கொட்டும். இரண்டு பேர் ஒரே கோப்பில் கை வைத்தால் இரண்டு பேர் மணிக்கட்டும் அதிரும். யாராவது அனுப்பிய நிரல் உடைந்தால் அவர் மணிக்கட்டு அதிரும். யார் யாருடைய மேசைக்குப் போய் எத்தனை நேரம் நின்றார் என்பதையும் அது குறித்து வைத்துக்கொள்ளும்.

வளையல் வேண்டும் என்று கேட்டு வாங்கியதே நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். நிரல் எழுதுகிறவளை நடுவில் ஒருத்தர் கூப்பிட்டால், பின்னிக்கொண்டிருந்த கண்ணிகள் மொத்தமும் அவிழ்ந்துபோகும். திரும்பப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். எனக்கு அது தாங்காது. கூப்பிட்டவரைக் கடித்துவிடுவேன். வளையல் வந்த பிறகு நான் காலையில் சிவப்பை அழுத்தினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பேன். ஆறு மாதமும் என் நம்பர்தான் முதல். தடையில்லாமல் எத்தனை நேரம் வேலை நடந்தது என்பதுதான் நம்பர்.

அவள் ஆறு மாதமும் பச்சை. ஒரு நாள்கூடச் சிவப்பை அழுத்தியதில்லை. எங்களுடையது வெளிநாட்டு மருந்துக் கிடங்கு ஒன்றுக்கான மென்பொருள். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏற வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. பத்து வருடப் பழசு. எழுதியவர்கள் எல்லாம் எப்போதோ கிளம்பிப் போய்விட்டார்கள். அதன் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோரும் அவள் மேசைக்குத்தான் போவார்கள். "ஏனுங்க, ஒரு நிமிசமுங்க" என்று ஆரம்பிப்பார்கள். எத்தனை நிமிடமானாலும் அவள் நாற்காலியைத் திருப்பி முழு முகத்தோடு பதில் சொல்வாள். அவர்கள் போன பிறகு தன் வேலையை முதலிலிருந்து தொடங்குவாள். கருவி இதை எப்படிப் பார்க்கும்? தடை, தடை, தடை. கவனம் இல்லாத ஆள் என்று எழுதி வைத்திருந்தது.

மேலாளர் அறையிலிருந்து வந்ததும் என் கணினியில் பதிவேட்டைத் திறந்தேன். டீம் தலைவி என்பதால் எனக்கு அந்த அனுமதி உண்டு. யாரெல்லாம் அவளைத் தொந்தரவு செய்தார்கள் என்று எடுத்து மேலாளர் முன்னால் விசிறிவிட வேண்டும் என்ற வேகத்தில்தான் திறந்தேன். பட்டியல் வந்தது. முதல் வரியைப் பார்த்தேன். அவள் மேசைக்கு அதிக முறை போனது நான்.

காது சூடானது. என் பார்வையில் நான் யாரையும் தொந்தரவு செய்யாதவள். நடுநடுவே எட்டிக் கேட்பது, தோளைத் தட்டிக் கேட்பது, அவளுடைய விசைப்பலகையை நானே இழுத்துக்கொள்வது எதுவும் எனக்குத் தொந்தரவாகவே பட்டதில்லை. என் சிவப்பை அணைக்காமலேயே போய்க் கேட்டுவிட்டு என் இடத்துக்கு வந்துவிடுவேன். என் முதல் நம்பர் அவளுடைய கடைசி நம்பரிலிருந்து எடுத்தது.

அந்தப் பக்கத்தை மூடினேன். மேலாளரிடம் காட்டவில்லை. வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அதைவிடச் சுலபமான வழி ஒன்று எனக்குத் தோன்றியது.

மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு தெருமுனை பேக்கரிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அழவில்லை. "இன்னும் எத்தன நாளுங்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வாரம். நாளைக்கிருந்து வந்ததும் செவப்ப அழுத்திப்போடு. பொழுது எறங்கித்தான் எடுக்கோணும். உன்ற நம்பரு தன்னால ஏறும்."

"அது முடியாதுங்க்கா."

"என்ன முடியாது? ஒரு பட்டன அழுத்தறதுல என்ன கஷ்டம் உனக்கு?"

எனக்குக் குரல் ஏறியிருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பன்னைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எங்கம்மா தோட்டத்து வேலைக்குப் போவாங்க. கூலி கேக்க, லீவு கேக்க, எதுக்குப் போனாலும் அந்த ஊட்டு வாசல்ல நிக்கோணுமுங்க. உள்ள ஆளு இருக்கறது தெரியும். கூப்புடற வரைக்கும் நிக்கோணும். நானும் பக்கத்துல நின்னிருக்கேன். வெயில்ல. அதுலிருந்து என்னத் தேடி வந்தவங்கள நிக்க வெக்கறதுக்கு எனக்கு மனசு வரமாட்டீங்குதுங்க்கா."

நான் அதட்டினேன். "வேலை ஓணுமா, ஓண்டாமா?"

"ஓணுமுங்க்கா."

"அப்ப அழுத்து அம்மணி."

மறுநாள் காலை அவள் மணிக்கட்டில் சிவப்பு எரிந்தது. முதல் ஆள் ஒரு சந்தேகத்தோடு வந்தார், விளக்கைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், திரும்பிப் போனார். அவள் தலை நிமிரவில்லை, ஆனால் அவள் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் வந்தார், போனார். எங்கள் ஆட்களின் குணம் அப்படி. வேறு ஊரில் என்றால் சிவப்பாவது பச்சையாவது என்று தோளைத் தட்டியிருப்பார்கள். இங்கே வேண்டாம் என்று ஒரு தடவை காட்டிவிட்டால் தலை போகிற காரியமானாலும் கூப்பிட மாட்டார்கள். அதை மரியாதை என்று நினைப்போம்.

நம்பர் ஏறியது. தினமும் சாயங்காலம் திறந்து பார்த்தேன். முதல் வாரக் கடைசியில் கீழிருந்து மூன்றாவது. இரண்டாம் வாரம் புதன்கிழமை ஐந்தாவது. எனக்குச் சந்தோஷம். மற்றவர்கள் திணறிக்கொண்டிருந்ததும் கண்ணில் பட்டது. பேசுகிற சத்தமே எங்கள் பக்கம் குறைந்துபோனது. ஆளாளுக்குப் பழைய நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு தாங்களே அர்த்தம் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். நானும்தான். இரண்டு தடவை என் கை அவள் தோள் வரைக்கும் போய்த் திரும்பியது. இன்னும் இரண்டு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் புதிய பதிப்பு அந்தக் கிடங்குக்குப் போக வேண்டும். அவர்களுக்கு அது காலை. எங்கள் டீமில் போத்தனூரிலிருந்து வருகிற ஒரு நெட்டை மனிதர் உண்டு. அளந்துதான் பேசுவார். கடைசிச் சரிபார்ப்பு அவர் பொறுப்பு. பன்னிரண்டரை மணிக்கு அவர் எழுந்து அவள் மேசை வரைக்கும் வந்தார். நான் சிவப்பில் இருந்தேன், ஆனாலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். கையில் ஒரு தாள். அவளுக்குப் பின்னால் நின்றார். விளக்கைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். 'என்னங்க?' என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அவளிடம்தான் போக வேண்டியிருக்கும், அவள் நம்பர் உடையும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு ஒன்பது மணிக்கட்டும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. அப்படி அதற்கு முன் அதிர்ந்ததே இல்லை. கிடங்கிலிருந்து அழைப்பு. குளிரில் வைத்து அனுப்ப வேண்டிய மருந்துப் பெட்டிகள் சாதாரண லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு லாரி வாசலைத் தாண்டிவிட்டது.

அடுத்த இருபது நிமிடமும் மேலாளர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். நெட்டை மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் சிவப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து அவர் திரையைப் பார்த்தாள். "பழைய கிடங்குப் பதிவுல வெப்பநிலைக் கட்டம் காலியா இருந்தா குளிருன்னு அர்த்தமுங்க! சாதாரணம் இல்லீங்க!" என்றாள். அவர் காலியென்றால் சாதாரணம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். பையிலிருந்த தாளில் அந்தக் கேள்விதான் இருந்தது. பத்து நொடிக் கேள்வி. அவள் நின்றபடியே திருத்தினாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை. நான்கு மணிக்கு முன்னால் எல்லாம் சரியானது. வெளியே போன லாரியைப் பாதி வழியில் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சனி ஞாயிறு முழுக்கச் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு சர்ச் பூசையிலிருந்து வந்து அவள் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'அக்கா, நாளைக்கு என்ன கேப்பாங்க?' பதில் போடாமல் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடி அறையில் ஒன்பது பேரும் உட்கார்ந்தோம். மேலாளர் முன்னால் அந்தப் பட்டியல். மதியம் அது மேலே போக வேண்டும்.

"யார் மேலயும் பழி போடறதுக்கில்லீங்க. என்ன நடந்துச்சுன்னு தெரியோணுமில்லீங்களா?" என்றார்.

நெட்டை மனிதர் எழுந்து நின்றே சொன்னார். "கேக்கலாம்னு போனனுங்க. செவப்புல இருந்தாங்க. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வந்துட்டனுங்க. என்ற தப்புத்தான்."

"நீங்க முறைப்படிதான் நடந்திருக்கீங்க" என்றார் மேலாளர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "ஆறு மாசமாப் பச்சையிலயே இருந்துபோட்டு, ரிலீஸ் அன்னிக்கிச் செவப்பு எதுக்குங்க போட்டீங்க?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மேசையைப் பார்த்தபடி, "தப்புத்தானுங்க சார். நாந்தான் அழுத்தினேன்" என்றாள்.

அப்போது என் மணிக்கட்டு அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். என் இதயத் துடிப்பு உயர்ந்திருக்கிறதாம்; மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லியது. அந்தச் சின்னத் திரையைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போலிருந்தது.

இந்த இடத்தில் நானாக எழுந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் வாயைத் திறக்கவில்லை. மேலாளர், நெட்டை மனிதர் எத்தனை நேரம் நின்றார் என்று பார்ப்பதற்காகப் பதிவேட்டைப் பெரிய திரையில் போட்டார். நாற்பது நொடி என்று காட்டியது. பிறகு அவர் பக்கத்தை மேலே தள்ளினார். அவள் மேசைக்கு வந்தவர்களின் பட்டியல், ஆறு மாதக் கணக்கு, எல்லோர் கண்ணுக்கும் முன்னால் விரிந்தது. முதல் வரியில் என் பெயர். அதற்கு அடுத்த பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் இருந்த தூரத்தை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எட்டுப் பேரும் படித்தார்கள். எங்கள் ஊர் மரியாதை, ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் பேசினேன்.

"செவப்பப் போடச் சொன்னது நான்" என்றேன். "அவ முடியாதுன்னுதான் சொன்னா. அதட்டிப் போட வெச்சேன். இத்தன நாளும் அவ வேலையக் கெடுத்ததும் நாந்தான். இந்த நம்பருல அவ கடைசின்னா, அவ அவளோட வேலையும் செஞ்சு நம்ம எல்லாரோட வேலையும் செஞ்சிருக்கான்னு அர்த்தமுங்க. அது கூடப் படிக்கத் தெரியாம ஒரு கருவிய வாங்கிக் கையில மாட்டிப்போட்டு, அதுவும் நாந்தான், நானே கேட்டு வாங்கி..."

குரல் உடைந்தது. உடைந்ததும் கோபம் வந்தது, என் மேலேயே. மேலாளர் சங்கடத்தோடு பட்டியலைத் தடவினார். "எல்லாம் சரிங்க மேடம். எட்டுப் பேருதானுங்களே..." என்று இழுத்தார்.

"எட்டுத்தான ஓணும்? என்னையக் கழிச்சுக்கோங்க!"

நல்ல மனசில் சொன்னது இல்லை அது. வெடுக்கென்று வந்தது. சொன்ன நொடியே திரும்ப விழுங்கப் பார்த்தேன். என் மூத்த மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய வருடம் அது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க மேடம்" என்றார். யோசித்தால் மாற்றிவிடுவேன் என்று பயந்து, வளையலைக் கழற்றி மேசையில் வைத்தேன். மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

ஏழு வாரம் பெஞ்சில் இருந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் கடிதம் வந்திருக்கிறதா என்று மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். எட்டாவது வாரம் ஐந்தாவது மாடியில் வேறொரு டீமில் எடுத்துக்கொண்டார்கள். தலைவி இல்லை, சாதாரண ஆள்தான். அங்கே வளையல் கிடையாது.

போன மாதம் அந்தப் பழைய மருந்துக் கிடங்கு நிரலில் ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் புதிய வேலையும் அதைத் தொட்டுக்கொண்டு போகிறது. பழக்க தோஷம், இறங்கி மூன்றாவது மாடிக்குப் போனேன். அவள் அதே இடத்தில் இருந்தாள். மணிக்கட்டில் விளக்கு எரிந்தது. சிவப்பு.

தோளைத் தட்டப் போன கையை இழுத்துக்கொண்டேன். பின்னால் நின்றேன். போத்தனூர்க்காரர் தன் இடத்திலிருந்து என்னைப் பார்த்து, வாங்க என்பதுபோலத் தலையை ஆட்டினார். திரும்பிப் போய்விடலாம் என்று காலைத் தூக்கியபோதுதான் கவனித்தேன், அவள் மேசை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தது. முன்பு அது அங்கே இல்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது. ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே இன்னொரு கையால் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க்கா. அஞ்சு நிமிசம். முடிச்சுப்போட்டு வாரேன்."

உட்கார்ந்தேன். நான்கு வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், அவளுக்காக நான் காத்திருந்தது அன்றுதான் முதல் தடவை. ஐந்து நிமிடம் என்றவளுக்கு ஏழு நிமிடம் ஆனது. நான் ஸ்டூலை விட்டு எழவில்லை.